ஓஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு ஆல்பங்கள்: எந்தப் பதிப்பைக் கேட்பது?

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22 அன்று மறைந்த பிறகு அவருடைய தனி ஆல்பங்களை முதன்முறையாகக் கேட்கத் தொடங்கிய நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். 'பிளிஸர்ட் ஆஃப் ஓஸ்' (1980), 'டயரி ஆஃப் எ மேட்மேன்' (1981) ஆகிய இரண்டும் பல பதிப்புகளாகக் கிடைக்கும்போது, பழைய ரசிகர்கள் 2002ஆம் ஆண்டுப் பதிப்பைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு கசப்போடு பேசுகிறார்கள் என்பது முதல் கேள்வி. இந்த ஆல்பங்களுக்கு இன்று கிடைக்கும் உயர்ந்த மதிப்பு பாடகரின் மறைவையொட்டி எழுந்த உணர்ச்சிப் பெருக்கா, இசையிலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி.

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2002 பதிப்பைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் நீங்கள் அந்த ஆல்பங்களைத்தான் கேட்கிறீர்கள். மதிப்புக்கு இசையிலேயே ஆதாரம் இருக்கிறது. பாடகரும் கிட்டார் கலைஞரும் தவிர வேறு யாரிடம் அந்த ஆதாரம் இருக்கிறது என்பதை ரசிகர்களில் பெரும்பாலோர் உணர்ந்தது, 2002 பதிப்பு இரண்டு பேரை அந்த இசையிலிருந்து நீக்கிக் காட்டிய பிறகுதான். இதை விளக்க, ஆல்பங்கள் உருவான விதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1979 ஏப்ரலில், தன் பாடகராக இருந்த ஓஸியை பிளாக் சாபத் இசைக்குழு வெளியேற்றியது. குடியிலும் போதைப்பொருளிலும் மூழ்கி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹோட்டல் அறை ஒன்றில் முடங்கிக் கிடந்த அவரை எழுப்பி நடமாட வைத்தவர், அப்போது சாபத்தின் மேலாளராக இருந்த டான் ஆர்டனின் மகளும் பின்னாளில் ஓஸியின் மனைவியுமான ஷேரன். 'க்வயட் ரயட்' குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ராண்டி ரோட்ஸ் அங்கேதான் ஓஸியுடன் சேர்ந்தார். வடக்கு ஹாலிவுட்டில் ரோட்ஸின் தாயார் ஒரு இசைப்பள்ளி நடத்தினார். அங்கே கற்று, அங்கேயே கற்பித்தும் வந்த அந்த இளைஞருக்குச் செவ்வியல் கிட்டாரில் இருந்த ஈடுபாடு, ஹெவி மெட்டல் இசையில் அதுவரை அதிகம் கேட்டிராத ஒரு நுணுக்கத்தைக் கொண்டுவந்தது. பேஸ் கிட்டாருக்கு ரெயின்போ குழுவில் வாசித்திருந்த ஆஸ்திரேலியரான பாப் டேஸ்லி வந்தார். யூரையா ஹீப் குழுவில் எழுபதுகள் முழுவதையும் ஏறக்குறையக் கழித்திருந்த லீ கெர்ஸ்லேக் கடைசியாக வந்து டிரம்ஸில் அமர்ந்தார். அதற்குள் முதல் ஆல்பத்தின் பாடல்களில் பெரும்பாலானவை உருப்பெற்றிருந்தன. அப்போது ரெயின்போ குழுவில் இருந்த டான் ஏரி கீபோர்டு வாசித்துக் கொடுத்தார்.

இங்கிலாந்தில் சர்ரே பகுதியிலுள்ள ரிட்ஜ் ஃபார்ம் ஒலிப்பதிவுக்கூடத்தில் 1980 மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதல் ஆல்பமும், மேக்ஸ் நார்மனின் பொறுப்பில் அதே இடத்தில் 1981 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டாவது ஆல்பமும் பதிவாயின. இரண்டிலும் பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் டேஸ்லி. ஓஸியின் பங்கு மெட்டுகளைப் பாடிக் கண்டுபிடிப்பதில் இருந்தது. அதைச் சிறுமைப்படுத்த முடியாது என்பதைப் பிறகு சொல்கிறேன். ரோட்ஸ் ரிஃப்களையும் (பாடலில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகள்) சோலோக்களையும் (கிட்டாரின் தனி வாசிப்புகள்) அமைத்தார், டேஸ்லி அவருடன் அமர்ந்து பாடல்களுக்கு வடிவம் கொடுத்தார், ஓஸி மேலே பாடினார், இரண்டாவது ஆல்பத்தில் கெர்ஸ்லேக்கும் எழுதும் அறைக்குள் முழுமையாக வந்துவிட்டார். இப்படி உருவாகும் ஒன்றுக்கு வழக்கமாக 'இசைக்குழு' என்றே பெயர்.

பெயரளவிலும் அது குழுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது டேஸ்லியின் நீண்டகால வாதம். 'பிளிஸர்ட் ஆஃப் ஓஸ்' என்பதே குழுவின் பெயராக இருக்க ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது என்றும், உறை அச்சாகி வந்தபோது ஓஸியின் பெயர் பெரிதாகவும் குழுவின் பெயர் ஆல்பத் தலைப்பைப் போலவும் ஆகிவிட்டது என்றும் அவர் கூறிவந்திருக்கிறார். வணிக நோக்கில் பார்த்தால் சாபத்தின் முன்னாள் பாடகரின் பெயர்தான் கடைகளில் விற்கும் என்பதை யாரும் புரிந்துகொள்ளலாம். இரண்டாவது ஆல்பத்தில் நடந்ததற்கு அப்படிப்பட்ட சமாதானமும் இல்லை. ஒலிப்பதிவு முடிந்து ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே டேஸ்லியும் கெர்ஸ்லேக்கும் நீக்கப்பட்டார்கள்; 1981 நவம்பரில் வெளியான அந்த ஆல்பத்தின் உறையில் பேஸ் கலைஞராக ரூடி சார்சோவின் பெயரும் டிரம்ஸ் கலைஞராக டாமி ஆல்ட்ரிட்ஜின் பெயரும் அச்சாகியிருந்தன. அவர்கள் மேடைக் கச்சேரிகளுக்காகப் பின்னர் சேர்ந்தவர்கள், ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காதவர்கள். தாங்கள் அதில் வாசிக்கவில்லை என்பதை இருவரும் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. ஆக, 2002இல் ஒலியிலிருந்து நடந்த நீக்கம், 1981இலேயே காகிதத்தில் ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டது.

பின்னர் வழக்குகள் வந்தன. எண்பதுகளின் நடுவில், ஆல்பங்களை வெளியிட்ட ஜெட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு எதிராக டேஸ்லியும் கெர்ஸ்லேக்கும் நடத்திய வழக்கு 1986இல் அவர்களுக்குச் சாதகமாக முடிந்து, பாடல் எழுதியவர்கள் என்ற அங்கீகாரமும் அதற்குரிய ராயல்டியும் கிடைத்தன. தொண்ணூறுகளின் இறுதியில் அவர்கள் ஆஸ்போர்ன் தரப்பின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். வாசித்ததற்கான ராயல்டி தங்களுக்கு வந்து சேரவில்லை என்பது அதன் சாரம். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2003இல் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கு நிலுவையில் இருந்தபோதுதான் 2002 ஏப்ரலில் மறுவெளியீடுகள் வந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பாடலை எழுதியவருக்குச் சேரும் தொகையும், அதன் குறிப்பிட்ட ஒலிப்பதிவில் வாசித்தவருக்குச் சேரும் தொகையும் வெவ்வேறானவை. எழுதியவரின் பெயரை அழிக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பாடலை யார் எந்த வடிவில் பதிவு செய்தாலும் எழுத்து அவருடையதாகவே இருக்கும். வாசிப்பை அழிக்கலாம், அது பதிவான தடத்தைத் துடைத்துவிட்டு வேறொருவரை வாசிக்க வைத்தால், புதிய ஒலிப்பதிவில் பழைய வாசிப்பாளர் இல்லவே இல்லை. 2002 பதிப்புகளில் நடந்தது இதுதான். ஓஸியின் குரலும் ரோட்ஸின் கிட்டாரும் பழைய நாடாக்களிலிருந்து அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டன. டேஸ்லியின் பேஸும் கெர்ஸ்லேக்கின் டிரம்ஸும் நீக்கப்பட்டு, அப்போது ஓஸியின் மேடைக் குழுவில் இருந்த ராபர்ட் ட்ருஹீயோவும் மைக் போர்டினும் அவற்றைப் புதிதாக வாசித்தார்கள்.

காரணமாக ஷேரன் அன்று வெளியிட்ட விளக்கத்தின்படி, அந்த இருவரின் நடத்தையால் மனம் வெறுத்துப்போன ஓஸியே அவர்களை இந்த ஒலிப்பதிவுகளிலிருந்து நீக்க விரும்பினார். அதன் வழியே ஆல்பங்களுக்குப் புதிய ஒலியும் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துத் தன் சுயசரிதையில் ஓஸி, அந்த முடிவு ஷேரனுடையது என்று எழுதினார். இரண்டில் எது சரியென்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை. காலப் பொருத்தம் மட்டும் வேடிக்கையானது: ஆஸ்போர்ன் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர் எம்டிவியில் 2002 மார்ச் மாதம் தொடங்கி, ஒரே மாதத்தில் அவரை ஹெவி மெட்டல் என்றால் என்னவென்றே அறியாத வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தத் தொடரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் அவருடைய பழைய ஆல்பத்தைத் தேடிய புதிய தலைமுறையின் கையில் கிடைத்தது, தாளப்பகுதி மாற்றப்பட்ட பதிப்பு. அதையே மூலம் என்று நம்பிப் பல ஆண்டுகள் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ட்ருஹீயோவும் போர்டினும் தரம் குறைந்த கலைஞர்கள் என்பதால்தான் அந்தப் பதிப்பு தோற்றது என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. போர்டின் 'ஃபெய்த் நோ மோர்' குழுவின் முதுகெலும்பாக இருந்தவர்; ட்ருஹீயோ மறு ஆண்டே மெட்டாலிகாவில் சேர்ந்து இன்றுவரை அங்கே இருப்பவர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைதான் நடக்க முடியாத வேலை. ராக் ஒலிப்பதிவில் பொதுவாக டிரம்ஸும் பேஸும் முதலில் நிலைபெறும். கிட்டார் சோலோவும் குரலும் அவற்றின் மேல் ஏறும். கிட்டார் கலைஞர் சோலோ வாசிக்கும்போது அவருடைய காதில் ஏற்கெனவே ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எங்கே சற்று முந்துகிறது, எங்கே பின்வாங்கி இடம் விடுகிறது என்பதற்கேற்பத்தான் அவருடைய விரல் நகர்கிறது. குடியிருக்கும் வீட்டின் மேல்தளத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அடித்தளத்தை மட்டும் புதிதாகக் கட்டுவதைப் போன்றது, இருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தாளத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது. புதிய வாசிப்பாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், இறந்துபோன ஒருவரின் விரல்களைத் துரத்தி வாசிக்கிறார். அந்த விரல்கள் இவருக்கு எந்தப் பதிலும் சொல்வதில்லை.

ரோட்ஸ் 1982 மார்ச் 19 அன்று ஃபுளோரிடாவின் லீஸ்பர்க் அருகே சிறு விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதில் 25 வயதில் இறந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ரசிகர்களின் கோபம் ஏன் அவ்வளவு தனிப்பட்டதாக இருந்தது என்பது விளங்கும். ஓஸியுடன் அவர் செய்த ஸ்டூடியோ ஆல்பங்கள் இந்த இரண்டே இரண்டுதான். அவற்றில் அவர் எந்த வாசிப்போடு சேர்ந்து வாசித்தாரோ, எதைக் கேட்டு முடிவு செய்தாரோ, அந்தச் சூழலிலிருந்து அவரைப் பிடுங்கி எடுத்ததாகவே பலர் அதைப் பார்த்தார்கள். நீக்கப்பட்டவர்கள் இருவர் என்றாலும், தனித்து விடப்பட்டவர் ரோட்ஸ்.

காதால் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு மூன்று இடங்களைச் சொல்கிறேன். இரண்டாவது ஆல்பம் 'ஓவர் த மவுண்டன்' என்ற பாடலில், வேறு எந்தக் கருவியும் இல்லாமல் கெர்ஸ்லேக்கின் டிரம்ஸுடன் தொடங்குகிறது. சில நொடிகளே நீடிக்கும் அந்த உருட்டலில் அவருடைய கையின் கனமும், அடிகளுக்கு இடையே அவர் விடும் மூச்சும் தெளிவாக இருக்கின்றன. ரிஃப் நுழையும்போது அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல் ஏறிக்கொள்வதாக நமக்குத் தோன்றுகிறது. 2002 பதிப்பில் அதே இடத்தில் வேறொரு மனிதர் அதே குறிப்பை ஒப்பிக்கிறார். ஒலி பெரிதாகவும் நவீனமாகவும் இருக்கிறது, இருந்தும் பின்னால் வரும் கிட்டாருடன் அது ஒரே அறையில் இருப்பதாகத் தோன்றுவதில்லை.

அடுத்தது 'பிலீவர்'. பாடலை முதலில் கையில் எடுப்பது டேஸ்லியின் பேஸ். இருண்ட, ஊர்ந்து செல்லும் அந்த வரிதான் முழுப் பாடலின் மனநிலையையும் தீர்மானிக்கிறது. மூன்றாவது, முதல் ஆல்பத்தின் 'குட்பை டு ரொமான்ஸ்'. மென்மையான பாடல் என்பதால் பேஸ் அதில் அடித்துக்கொண்டு போகாமல், ஓஸியின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே செல்கிறது. டேஸ்லியின் வாசிப்பில் உள்ள சிறப்பே இதுதான்: கிட்டாரின் நிழலாக நடக்காமல், கிட்டார் வேறு திசையில் போகும்போது தானும் ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறது, ஆனாலும் வழி மறிப்பதில்லை. இளம் வயதில் நம்மில் பெரும்பாலோர் ரோட்ஸை மட்டுமே கேட்டோம்; கிட்டார் கற்றுக்கொள்ள விரும்பியவர்கள் எல்லோருமே அவரைத்தான் கேட்டார்கள். அவருடைய சோலோக்கள் அவ்வளவு சுதந்திரமாக மேலே பறக்க முடிந்ததற்குக் கீழே இருந்த இந்த நடமாட்டம்தான் காரணம் என்பது, அது போன பிறகுதான் கேட்டது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதே பாடல்களை சார்சோவும் ஆல்ட்ரிட்ஜும் மேடையில் வாசித்த பதிவு, ரோட்ஸின் நினைவாக 1987இல் 'ட்ரிப்யூட்' என்ற நேரடி ஆல்பமாக வெளிவந்து, ரசிகர்களின் பெருமதிப்பைப் பெற்றது. அங்கே தாளக் கலைஞர்கள் மாறியது யாரையும் உறுத்தவில்லை, 2002இல் மட்டும் ஏன் உறுத்த வேண்டும் என்று கேட்கலாம். மேடையில் ஆல்ட்ரிட்ஜ் வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் அடிக்கிறார், ரோட்ஸ் அதற்கு அங்கேயே பதில் சொல்கிறார், பாடல் வேறொரு பாடலாகிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். 2002 பதிப்பில் இல்லாதது அதுதான். அந்த நேரடிப் பதிவையும் மூல ஸ்டூடியோப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, கலைஞரை மாற்றுவது தவறில்லை என்பதும், ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த பதிலை விட்டுவைத்துக் கேள்வியை மட்டும் மாற்றுவதுதான் தவறு என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

இந்தக் காரியத்தை முதலில் செய்தவர்கள் ஆஸ்போர்ன் தரப்பினரும் அல்ல. அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா எண்பதுகளில் தன் அறுபதுகளின் ஆல்பங்கள் இரண்டில் பழைய பேஸையும் டிரம்ஸையும் நீக்கிவிட்டு, பின்னாளைய குழுவினரை வாசிக்க வைத்தார். மூல நாடா சிதைந்துவிட்டது என்பது ஓர் ஆல்பத்துக்கு அவர் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். அதே காலத்தில்தான் முன்னாள் குழுவினர் பணத்துக்காக அவர் மீது வழக்குத் தொடுத்திருந்தார்கள். சிதைந்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஆல்பமும் அவர் மறைவுக்குப் பின் 1995இல் மூல வடிவில் சி.டி.யாக வந்துவிட்டது. 'ஸிஸி டாப்' குழுவின் எழுபதுகளின் ஆல்பங்கள் 1987இல் சி.டி. தொகுப்பாக வந்தபோது டிரம்ஸ் ஒலி அந்தக் காலத்து எதிரொலி மோகத்துக்கேற்ப மாற்றப்பட்டிருந்தது; அவற்றின் மூல மிக்ஸ்களும் (தனித்தனித் தடங்களை ஒன்றுசேர்த்த ஒலிக்கலவைகள்) பல ஆண்டுகள் கழித்தே திரும்பின. எங்குமே ரசிகர்கள் புதிய ஒலிக்குப் பழகிக்கொள்ளவில்லை, உரிமையாளர்கள்தான் இறுதியில் இறங்கி வந்தார்கள். ராக் ரசிகர்களிடம் பழமைவாதம் அதிகம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமான பிடிவாதமாகவே படுகிறது.

ஓஸியின் ஆல்பங்களுக்கு அந்தத் திருப்பம் 2011 மே இறுதியில் வந்தது. முப்பதாம் ஆண்டுப் பதிப்புகள் என்ற பெயரில் லெகசி நிறுவனம் வெளியிட்ட அவற்றில் டேஸ்லியின் பேஸும் கெர்ஸ்லேக்கின் டிரம்ஸும் மீண்டும் இருந்தன. முதல் ஆல்பத்துடன், 'குட்பை டு ரொமான்ஸ்' பாடலின் குரலும் கிட்டாரும் மட்டும் உள்ள ஒரு மிக்ஸும், ரோட்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் தனியாக வாசித்த ஒரு துண்டும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. இரண்டாவது ஆல்பத்துடன் ரோட்ஸ் காலத்து நேரடிக் கச்சேரிப் பதிவு தனி வட்டாக வந்தது. குரலும் கிட்டாரும் மட்டும் உள்ள அந்த மிக்ஸ் மிக அழகானது, ஆனால் ஓர் எதிர்பாராத வேலையையும் செய்கிறது: அதைக் கேட்டுவிட்டு உடனே முழுப் பாடலைக் கேளுங்கள், பேஸ் வந்து சேரும்போது பாடல் எப்படி நகரத் தொடங்குகிறது என்பது வேறு எந்த விளக்கமும் இல்லாமல் தெரியும்.

ரசிகர்களின் மறுமதிப்பீடு உண்மையில் வேகம் பிடித்தது இதற்குப் பிறகுதான். 2002க்கு முன் இந்த ஆல்பங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வழிகளில் மட்டுமே சென்றது. ஒன்று ரோட்ஸின் மேதைமை. மற்றொன்று ஓஸியின் கூத்துகள்: 1981இல் இசை நிறுவன அலுவலகக் கூட்டத்தில் புறாவின் தலையைக் கடித்தது, 1982 ஜனவரியில் டெ மாய்ன் நகர மேடையில் வௌவாலைக் கடித்தது. ஆல்பங்களின் உறைகளும் அந்தப் பேச்சுக்கே எண்ணெய் ஊற்றின. சிலுவையும் கிழிந்த உடைகளும் நாடக மேடை அலங்காரமுமாக இருக்கும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே இவ்வளவு கவனமாகக் கட்டப்பட்ட இசை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பழைய பதிப்பும் 2002 பதிப்பும் ஒருசேரக் கையில் இருந்த ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, பேச்சு முதன்முறையாகப் பாடல்களின் உள் அமைப்புக்கு நகர்ந்தது. யார் எதை வாசித்தார், யார் எதை எழுதினார், மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை என்பவையெல்லாம் அப்போதுதான் பொது அறிவாயின. டேஸ்லி 2013இல் தன் நினைவுகளை நூலாக வெளியிட்டதும் அதற்கு உதவியது. அவர் ஒரு தரப்பு என்பதை மறக்காமல் படிக்க வேண்டும் என்பது வேறு.

இந்த மறுமதிப்பீட்டில் ஓர் அளவுமீறலும் நடந்திருக்கிறது. ஓஸி வெறும் முகம், வேலையெல்லாம் மற்றவர்கள் செய்தது என்று பேசுகிறவர்கள் இப்போது உண்டு. இது கேட்கும் காதுக்குப் பொருந்தாத பேச்சு. அவருடைய குரல் வீச்சு குறைவானது, பயிற்சி பெறாதது, பல இடங்களில் இரட்டைத் தடமாகப் பதிவு செய்து தடித்துக் காட்டப்பட்டது. ஆனால் எந்தச் சிக்கலான ரிஃப்புக்கு மேலும் தெருவில் போகிறவர் முணுமுணுக்கக்கூடிய ஒரு மெட்டைப் போட்டுவிடும் திறமை அவரிடம் இருந்தது. பீட்டில்ஸ் மீது அவருக்கு இருந்த வாழ்நாள் காதல் அங்கே வேலை செய்தது. சாபத்தில் அவர் பெரும்பாலும் ரிஃப்பின் கூடவே நடந்தார். இந்த ஆல்பங்களில் ரிஃப்பிலிருந்து விலகிப் பாடுகிறார். டேஸ்லி எழுதிய வரிகளை வேறொருவர் பாடியிருந்தால் அவை சாதாரணமாகத் தோன்றியிருக்கக்கூடும். தன் மனநிலை குறித்தே சந்தேகம் கொண்ட ஒரு மனிதரின் வாயில் வரும்போது அவை வாக்குமூலமாகின்றன. எழுதியவருக்குப் பாடகரைத் தெரிந்திருந்தது, பாடகருக்கு அந்த வரிகளில் தன்னைத் தெரிந்தது.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், பொதுக் கருத்து முதல் ஆல்பத்தின் பக்கம் நிற்கிறது. பெரும் புகழ் பெற்ற பாடல்கள் அதில்தான் இருக்கின்றன. என் தேர்வு இரண்டாவது. முதல் ஆல்பம் நான்கு பேர் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் ஒலி, ஓரிரு பாடல்கள் இடத்தை நிரப்புகின்றன. இரண்டாவதில் அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். தலைப்புப் பாடல் அதற்குச் சான்று: கியூபாவின் செவ்வியல் கிட்டார் இசையமைப்பாளர் லியோ புரூவரின் பயிற்சித் துண்டு ஒன்றின் தாக்கத்தில் பிறந்த கிட்டார் வடிவத்தில் தொடங்கி, ஒற்றைப்படைத் தாளக் கணக்குகளில் இடறாமல் ஏறி இறங்கி, இறுதியில் கூட்டுக் குரல்களில் போய் முடியும் ஆறு நிமிடங்கள் அவை. கெர்ஸ்லேக் அதில் எங்கே அடிக்காமல் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அதை வாசித்துக் கொடுத்தவரின் பெயர் உறையில் இல்லாமல் வெளிவந்தது என்பது எனக்கு இன்றும் செரிக்காத விஷயம்.

கெர்ஸ்லேக் புற்றுநோயின் முற்றிய நிலையில் இருந்தபோது, பெரும் விற்பனையைப் பாராட்டி இந்த இரண்டு ஆல்பங்களுக்கும் வழங்கப்பட்ட பிளாட்டினம் வட்டுகள் தன் சுவரில் இல்லையே என்று கேட்டு ஆஸ்போர்ன் தம்பதிக்குக் கடிதம் எழுதினார். 2019 தொடக்கத்தில் அவை அவருக்கு வந்து சேர்ந்தன. 2020 செப்டம்பரில் அவர் இறந்தார். முதல் ஆல்பத்தின் நாற்பதாம் ஆண்டு டிஜிட்டல் பதிப்பு வெளியானதும் அதே மாதம்தான், அதில் ஒலிப்பது அவருடைய டிரம்ஸ். ரோட்ஸ் 2021இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் இசைச் சிறப்பு விருதையும், தனிக் கலைஞராக ஓஸி 2024இல் அங்கே இடத்தையும் பெற்றார்கள்.

மறைவையொட்டிய உணர்ச்சிதானா என்ற இரண்டாவது கேள்விக்கு ஓஸியே ஒருவகையில் விடை சொல்லிவிட்டார். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த கடைசிக் கச்சேரியில், நடக்க இயலாமல் சிம்மாசனம் போன்ற இருக்கையில் அமர்ந்து, சாபத்துடன் பாடுவதற்கு முன் தன் தனிப் பாடல்களில் ஐந்தைப் பாடினார். நாற்பதாண்டுத் தனிப் பயணத்தில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் வெளியிட்டவர் அவர். அந்த ஐந்தில் நான்கு 'பிளிஸர்ட் ஆஃப் ஓஸ்' ஆல்பத்திலிருந்து வந்தவை. அவர் உயிரோடு இருந்தபோது, தன் ஊர்க்காரர்கள் முன்னால், தானே தேர்ந்த அளவுகோல் அது.

இனி வாங்குவது பற்றி. இணையத்தில் கேட்பவர்கள் 2011க்குப் பின் வந்த முப்பதாம், நாற்பதாம் ஆண்டுப் பதிப்புகளைத் தேர்ந்தெடுத்தால் கவலையில்லை. பழைய வினைல், கேசட், 1995இல் வந்த ரீமாஸ்டர் சி.டி. ஆகிய எல்லாவற்றிலும் மூல வாசிப்புதான் இருக்கிறது. பயன்படுத்திய சி.டி. வாங்கும்போது உள்ளே இருக்கும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். ட்ருஹீயோ, போர்டின் பெயர்கள் இருந்தால் அது 2002 பதிப்பு. பெயர்ப்பட்டியல் தொலைந்துபோயிருந்தால் முதல் பத்து நொடிகளுக்கு 'ஓவர் த மவுண்டன்' போட்டுப் பாருங்கள், இணையத்திலுள்ள பதிப்போடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 1983இல் வந்த 'பார்க் அட் த மூன்' ஆல்பத்தின் 2002 சி.டி.யையும் தவிர்ப்பது நல்லது. அதில் யாரும் மாற்றப்படவில்லை என்றாலும் மிக்ஸ் மாறிவிட்டது, ஜேக் ஈ. லீயின் கிட்டார் 1983 மிக்ஸில்தான் தன் இடத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்தின் பாடல்கள் அனைத்தையும் ஓஸி மட்டுமே எழுதியதாக உறை சொல்கிறது. லீ அதை மறுத்துவருகிறார், பேஸ் வாசித்தவரோ மீண்டும் அழைத்து வரப்பட்ட டேஸ்லிதான். ஆனால் அது தனியாக ஒரு பதிலுக்கு உரிய கதை.